டொல்பின் வானுக்குள்ள பூனையின்ர மண்பெட்டி: எங்க வைக்கிறது, மணத்தை எப்பிடி வெளியேத்திறது?

வடலிநிழல் கேட்டது:

வணக்கம். பழைய டொல்பின் வான் ஒண்டைப் படுத்துச் சமைச்சு இருக்கக்கூடிய மாதிரி மாத்திக்கொண்டு இருக்கிறம். நான், மனிசி, ஒரு பூனை. யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டு மன்னார், திருகோணமலை, பிறகு மலைநாடு எண்டு மாசக்கணக்கில அதுக்குள்ளயே இருக்கிற நோக்கம். பூனை நலமடிச்ச கடுவன், நாலு வயசு, நாலரைக் கிலோ.

வீட்டில இப்ப ஒரு பிளாஸ்ரிக் தட்டத்தில ஆத்துமணல் போட்டு வைச்சிருக்கு. வீட்டில அது பிரச்சினையில்லை. வானுக்குள்ள அதே தட்டத்தை வைச்சுப் பாத்தால் மத்தியானம் கதவைத் திறக்கேக்க அமோனியா கண்ணை எரிக்குது. மணலும் கால்ல ஒட்டிப் படுக்கை மட்டும் வருது.

இடம் எண்டு பாத்தால் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழ ஒரு அறை இருக்கு. உள்ளளவு நீளம் 80 செ.மீ., அகலம் 50, உயரம் 45. பலகை அடைப்பு, நடைபாதைப் பக்கம் கதவு வைக்கலாம். 12 வோல்ற் பற்றறி 100 அம்பியர் மணி. தண்ணித் தாங்கி 40 லீற்றர்தான், அதால ஒவ்வொரு நாளும் தட்டம் கழுவேலாது.

அறிய வேண்டியது: அந்த அறைக்குள்ள பெட்டியை எப்பிடி அமைக்கிறது, மணலுக்குப் பதிலா என்ன போடுறது, அள்ளுறதை வழியில எங்க கொண்டுபோய்ப் போடுறது. மனிசி பிள்ளைக்கு எதிர்பாத்துக்கொண்டு இருக்கிறா, அதால சுத்தம் பற்றியும் சொல்லுங்கோ.

---

பன்னிரண்டு_வோல்ற்:

அறை நல்ல அளவு. முதல்ல அதுக்குள்ள தண்ணி இறங்காத மாதிரிச் செய்யுங்கோ, ஃபானும் பைப்பும் அதுக்குப் பிறகு. கடுவன் சில நேரம் குந்தாமல் நிண்டபடி சுவருக்கு அடிக்கும். பலகையின்ர வெட்டு விளிம்பால சலம் ஊறினால் அடியில இருக்கிற தகரத் தரைக்குப் போகும். கறள் பிடிக்கும், அந்த மணம் பிறகு எடுக்கேலாது. தரைக்கு ஒரே துண்டாப் பிளாஸ்ரிக் தகடு போட்டு, நாலு பக்கமும் 10 செ.மீ. மேல மடக்கி ஏத்துங்கோ. சுவருக்கு வழவழப்பான தகடு ஒட்டி, மூட்டெல்லாம் சிலிக்கன் இழுங்கோ. பெயின்ற் மட்டும் அடிச்சால் நகம் பட்டுக் கீறும், காணாது.

பெட்டியின்ர நீளம் பூனையின்ர மூக்கில இருந்து வாலடி மட்டும் உள்ள நீளத்தின்ர ஒண்டரை மடங்கு இருக்க வேணும். நாலரைக் கிலோக் கடுவன் 45 செ.மீ. அளவில வரும், அப்ப 65 இலிருந்து 68. உங்கட அறைக்குள்ள 65 க்கு 42 தட்டம் ஒண்டு, சுவர் உயரம் 25 ஓட, ஒரு முனைக்குத் தள்ளி வையுங்கோ. மிச்சமுள்ள 15 செ.மீ. இலதான் பூனை கால் வைச்சு வெளிய வர வேணும். அதில முள்ளு முள்ளா இருக்கிற றப்பர் கால்மிதி போட்டால் ஒட்டிற மண்ணில பெரும்பங்கு அங்கயே விழும். வாசலைத் தட்டத்துக்கு நேர வெட்டாமல் இந்த 15 செ.மீ. பக்கம் வெட்டுங்கோ. 20 செ.மீ. வட்டம், கீழ் விளிம்பு தரையில இருந்து 15 செ.மீ. வெட்டின விளிம்பை அரம் போட்டு மழுக்குங்கோ.

தட்டம் ஓடாமல் இருக்கிறதுக்கு அடியில ரெண்டு அலுமினிய அங்கிள் துண்டு திருகாணி போட்டு இறுக்கினால் காணும். தட்டம் அதுக்குள்ள இருந்து மேல தூக்கி எடுக்கக்கூடியதா இருக்க வேணும். இறுக்கிப் பூட்டின தட்டத்தை ஒருத்தரும் ஒழுங்காக் கழுவ மாட்டினம். ஓடேக்க மேல ஒரு மூடி. பள்ளம் விழுந்த றோட்டில மூடி இல்லாட்டில் மண் முழுக்கத் துள்ளி வெளிய வரும்.

இப்ப காத்து. ஃபான் காத்தை அறைக்குள்ள ஊதக்கூடாது, அறைக்குள்ள இருந்து உறிஞ்சி வானுக்கு வெளிய விட வேணும். உறிஞ்சினால் அறைக்குள்ள அமுக்கம் குறையும், இடுக்கு வெடிப்பெல்லாத்தாலயும் காத்து உள்ளுக்குத்தான் போகும். ஊதினால் அதே வெடிப்புகளால மணம் படுக்கைக்கு வரும்.

கொம்பியூட்டருக்குப் போடுற 80 மி.மீ. ஃபான் காணும். 12 வோல்ற், 0.15 அம்பியர் அளவு. நாள் முழுக்க ஓடினால் 3.6 அம்பியர் மணி, உங்கட பற்றறியில நூத்துக்கு நாலுகூட இல்லை. 1 அம்பியர் பியூஸ் கட்டாயம் போடுங்கோ. பைப் 3 அங்குல பிவிசி. உறிஞ்சிற வாய் வாசலுக்கு எதிர் முனையில, தட்டத்துக்கு மேல இருக்கட்டும். அப்பதான் புதுக்காத்து வாசலால வந்து மண்ணுக்கு மேலால தடவிக்கொண்டு போகும். ஃபானைப் பைப்பின்ர வெளிமுனைக்குக் கிட்டப் பூட்டுங்கோ, தட்டத்தில இருந்து எழும்பிற தூசு குறைவாப் படும். ஈர அமோனியா செம்பைத் தின்னும், அதால வயர் மூட்டுகளை ஈயம் வைச்சு ஒட்டி மேல ரியூப் போட்டு மூடுங்கோ.

வெளிவாய் எஞ்சின் புகைக்குழாய் இருக்கிற பக்கம் வரவே கூடாது. ஃபான் நிண்டிருக்கேக்க எஞ்சின் ஓடினால் புகை அந்தப் பைப்பால உள்ள வரலாம், காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மற்றப் பக்கத்தில விட்டு, வாயைக் கீழ்நோக்கி வளைச்சு, நுளம்பு வலை கட்டுங்கோ.

---

தும்புக்கயிறு:

தம்பி, மண் தெரியிறதுதான் இதில பெரிய விசயம். முதல் ஒரு கணக்குப் பாருங்கோ. 65 க்கு 42 தட்டத்தில 6 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப 16 லீற்றர் சொச்சம் வேணும். ஆத்துமணல் எண்டால் அது 25 கிலோ. கட்டிபடுற பெந்தனைற்று மண் எண்டால் 14 கிலோ அளவில. காய்ஞ்ச தும்புத்தூள் எண்டால் ரெண்டு கிலோவும் வராது. மணல் தூக்கம் மட்டுமில்லை, அது சலத்தை உறிஞ்சாது. கீழ வடிஞ்சு தட்டத்தின்ர அடியில குளமா நிக்கும். உங்களுக்கு மத்தியானம் கண் எரியிறது அதால. சலத்தில இருக்கிற யூரியாவைப் பக்ரீரியா உடைச்சு அமோனியாவாக்கும். வெக்கையும் ஈரமும் கூடக் கூட அது கெதியா நடக்கும். கடல் மணல் இன்னும் மோசம், அதின்ர உப்புக் காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுக்கும்.

பெந்தனைற்று: அள்ள லேசு, பூனையள் விரும்பும். தூக்கமும் தூசும்தான் குறை. மூடின அறைக்குள்ள நயமான தூசு எழும்பும், ஃபான் தகட்டில படியும். பையோட வாற தூளை வெளியில வைச்சு அரிதட்டில ஒருக்கா அரிச்சுப்போட்டுப் போட்டால் பாதித் தொல்லை போகும்.

சிலிக்கா மணி: பாரமில்லை, 4 செ.மீ. போட்டால் காணும். ஆனால் அது காத்தில இருக்கிற ஈரத்தையும் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில எங்கட பக்கம் பையில எழுதியிருக்கிற ஒரு மாசம் நிக்காது. மஞ்சளாகிக் கசியத் தொடங்கினால் மாத்துங்கோ. வெயிலில காயவைச்சுத் திருப்பிப் போடாதேங்கோ, தண்ணி போனாலும் சலத்தின்ர உப்பு அதுக்குள்ளதான் இருக்கும்.

உமி: அரிசி ஆலையில சும்மா மாதிரிக் கிடைக்கும், ஆனால் மேல்தோல் மெழுகு மாதிரி, உறிஞ்சாது. உமியை நம்பாதேங்கோ. மரத்தூள் மரக்காலையில எடுக்கலாம். கறையான் மருந்து அடிச்ச மரத்தின்ர தூளும் தேக்கம் தூளும் வேண்டாம், பூனையின்ர மூக்கையும் தோலையும் எரிக்கும். நயம் தூள் எண்டால் நடக்க நடக்கப் பறக்கும்.

வானுக்கு நான் சொல்லுறது தும்புத்தூள். தோட்டத்துக்கு விக்கிற அமுக்கின கட்டியை வாங்குங்கோ, பசளை கலக்காதது. தண்ணி ஊத்தி ஊதவைக்காமல், காய்ஞ்சபடியே கையாலயோ தட்டியோ உடைச்சு, பெரிய கண் அரிதட்டில அரிச்சு நாரையும் நயம் தூசையும் எடுத்துவிடுங்கோ. பிறகு ரெண்டு நாள் நல்ல வெயிலில படங்கு விரிச்சுக் காயவிட்டு, இறுக்கமான மூடி வாளியில அடையுங்கோ. ஈரத்தோட அடைச்சால் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளைப் படை தெரிஞ்சால் முழுக்கக் கொட்டுங்கோ.

தும்புத்தூள் தானாக் கட்டிபடாது. மூண்டு பங்கில ஒரு பங்கு பெந்தனைற்று கலந்தால் ஓரளவு சேரும், அள்ளலாம். கட்டி உடைஞ்சால் நனைஞ்ச இடத்தைக் கறுப்பு நிறத்தில கண்டுபிடிச்சு, சுத்தி ஒரு விரல் அகலம் கூட அள்ளுங்கோ. காலையும் பின்னேரமும் அள்ள வேணும். நாலரைக் கிலோப் பூனை ஒரு நாளைக்கு 100 மி.லீ. அளவில சலம் கழிக்கும், ஈரச் சாப்பாடு எண்டால் கூட. அள்ளின அளவுக்குப் புதுசு போடுங்கோ. கிழமைக்கொருக்கா, மாரியெண்டால் அதுக்கும் முந்தி, முழுக்கக் கொட்டி மாத்துங்கோ.

ஒரே நாளில மணலை எடுத்துப்போட்டு இதைப் போட்டால் பூனை உங்கட படுக்கையைத் தேடும். வீட்டிலயே பழக்குங்கோ. முதல் மூண்டு நாள் காற்பங்கு தூள், பிறகு அரை, பிறகு முக்கால், பத்து நாளில முழுக்க. வானும் புதுசு, மண்ணும் புதுசு எண்டு ரெண்டையும் ஒண்டாக் காட்டாதேங்கோ.

மணத்துக்கு வாசனைத் தூள், ஊதுவர்த்தி, தேசிக்காய்த் தோல் ஒண்டும் வேண்டாம். தேசிக்காய் மணத்துக்குப் பூனை கிட்ட வராது. பூச்சி உருண்டை நஞ்சு. வேணுமெண்டால் தட்டத்தின்ர அடியில ரெண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா தூவி, மேல தூளைப் போடுங்கோ. சிரட்டைக்கரிப் பை தொங்கவிடச் சொல்லுவினம். கரி மற்ற மணங்களைப் பிடிக்கும், அமோனியாவைப் பெரிசாப் பிடிக்காது. அமோனியாவுக்குச் சியோலைற்றுக் கல்தான் சரி. தினம் ரெண்டு தரம் அள்ளினால் ரெண்டும் தேவைப்படாது.

---

கிணத்தடி:

அள்ளுறதை எங்க போடுறது எண்ட கேள்விக்கு வாறன். தயவுசெய்து இதை லேசா எடுக்காதேங்கோ.

யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி நிக்கிறதுதான் எங்கட கிணறுகள். அந்தக் கல்லு முழுக்க வெடிப்பும் பொந்தும். மண் ஆழமில்லாத இடங்களில மேல விழுறது வடிகட்டுப்படாமல் நேர தண்ணிக்குப் போகும். மலசலகூடத்துக்கும் கிணத்துக்கும் 15 மீற்றர் இடைவெளி காணும் எண்டு சொல்லுற கணக்கு வடிகட்டுற மண் உள்ள நிலத்துக்குரியது, வெடிச்ச கல்லில அதை நம்பேலாது. குடிதண்ணியில நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் வைச்சிருக்கு. எங்கட பக்கத்துக் கிணறுகள் கனக்க அதுக்கு மேல. பசளையும் மலக்குழியும் ஏற்கெனவே செய்யிறது காணும்.

அதால வேலியோரம் கொட்டுறது, பனங்காணிக்குள்ள எறியிறது, கடற்கரையில மணலைத் தோண்டி மூடுறது ஒண்டும் வேண்டாம். பிள்ளையள் வெறுங்காலோட விளையாடுற மணலுக்குள்ள பூனை மலம் போனால் கொளுக்கிப்புழுவும் சேந்து போகலாம்.

செய்யக்கூடியது இதுதான். ஐஞ்சு லீற்றர்ப் பெயின்ற் வாளி ஒண்டு, றப்பர் வளையம் உள்ள மூடியோட. அள்ளினதைப் பேப்பரில சுத்தி, வாளிக்குள்ள இருக்கிற பையில போட்டு அமத்தி மூடுங்கோ. வாளியை வானுக்குள்ள வைக்காமல் பின்கதவு ஏணியில வெளியில கட்டுங்கோ, நிழல் பக்கம். தும்புத்தூள் எண்டால் ரெண்டு நாளுக்கொருக்கா வாளி நிரம்பும். பையை முடிஞ்சு, அதுக்கு மேல இன்னொரு பை போட்டு, நகரசபை, பிரதேசசபை எடுக்கிற உக்காத கஞ்சலோட குடுங்கோ. தும்புத்தூள் உக்கும்தானே எண்டு உக்கிற கஞ்சலோட போடாதேங்கோ. பல சபையள் அதைப் பசளையாக்கி மரக்கறித் தோட்டத்துக்கு விக்கிறது.

வானில தூக்கி எடுக்கக்கூடிய சின்ன மலசலகூடம் வைக்கிறீங்களெண்டால் அதுக்குள்ளயும் போடக்கூடாது. பெந்தனைற்று தண்ணி பட்டால் பல மடங்கு ஊதிச் சீமெந்து மாதிரி அடியில இறுகும். தும்பு மிதந்து வால்வில நிக்கும்.

---

வடலிநிழல்:

எல்லாருக்கும் நன்றி. தும்புத்தூள் எண்டு முடிவு. உந்த மூடி வாளி யோசினை எனக்கு வரேல்லை.

பன்னிரண்டு_வோல்ற் அண்ணை, கூரையில 14 அங்குல வெளியேத்திற ஃபான் ஒண்டு ஏற்கெனவே பூட்டியாச்சு, சமைக்கேக்கயும் படுக்கேக்கயும் ஓடும். அது இருக்கேக்க இந்தச் சின்ன ஃபான் தேவையோ?

தட்டம் கழுவ என்ன பாவிக்கிறது? டெற்றோல் போடலாமோ?

---

பன்னிரண்டு_வோல்ற்:

தேவை. கூரை ஃபானாலதான் உங்களுக்குப் பிரச்சினையே வரப்போகுது. அது வானுக்குள்ள இருந்து காத்தைப் பலமா வெளிய இழுக்கும். யன்னல் எல்லாம் பூட்டியிருந்தால் காத்து உள்ள வர வழி தேடும், கிடைக்கிற வழி உங்கட 3 அங்குலப் பைப். சின்ன ஃபானை மீறி வெளிக்காத்து பைப்பால பெட்டிக்குள்ள வந்து, அங்க இருந்து மணத்தையும் கொண்டு படுக்கைக்கு வரும். ஃபான் ஓடுது, ஆனாலும் மணக்குது எண்டு குழம்பிற ஆக்களில கனபேருக்கு இதுதான் காரணம்.

கூரை ஃபான் ஓடேக்க முன்யன்னல் ஒண்டு நாலு விரல் திறந்திருக்க வேணும். பைப்புக்குள்ள ஒரு பக்கம் மட்டும் திறக்கிற மெல்லிய மடல் ஒண்டும் போடுங்கோ. பழைய எக்ஸ்றே தாள் வட்டமா வெட்டி மேல் விளிம்பில ஒட்டினால் காணும். பிறகு சோதியுங்கோ: ஊதுவர்த்தியைக் கொளுத்திப் பெட்டி வாசலுக்கு முன்னால பிடியுங்கோ. புகை வாசலுக்குள்ள வளைஞ்சு போக வேணும். வெளிய தள்ளிச்செண்டால் யன்னலை இன்னும் திறவுங்கோ. கூரை ஃபான் மெதுவா, வேகமா, நிப்பாட்டி எண்டு மூண்டு நிலையிலயும் பாருங்கோ. பாத்து முடிய ஊதுவர்த்தியை எடுத்துவிடுங்கோ.

பூனை சத்தத்துக்குப் பயந்தால் ரெண்டு மூண்டு நாள் ஃபானை நிப்பாட்டி வைச்சுப் பெட்டியை மட்டும் பழக்குங்கோ. பிறகு வேகம் குறைக்கிற குமிழ் ஒண்டு இடையில போட்டு ஆகக் குறைவில இருந்து கூட்டுங்கோ.

---

கால்நடைக்குறிப்பு:

டெற்றோல் வேண்டாம். அதிலுள்ள குளோரோசைலினோலைப் பூனையின் ஈரல் உடைத்து வெளியேற்றாது. பூனை காலை நக்கும்போது அது உள்ளே போகும், வாயும் நாக்கும் புண்ணாகும். பினைலும் அப்படித்தான். சலம் உள்ள தட்டத்தில் குளோரின் வெளுப்பான் ஊற்றினால் நச்சு வாயு எழும். மூடிய வானுக்குள் அதைச் செய்யவே வேண்டாம்.

கழுவுவதற்கு மூன்று லீற்றர் தண்ணீர் போதும். மண்ணைக் கொட்டியதும் ஈரப் பேப்பரால் துடையுங்கள். ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள், அமோனியா மணம் அடங்கும். பிறகு மணமில்லாத பாத்திரச் சவர்க்காரம். கடைசியில் கொதிக்கும் தண்ணீர். பிளாஸ்ரிக் தட்டத்துக்குப் பதில் சில்வர் தட்டம் கிடைத்தால் வாங்குங்கள். பிளாஸ்ரிக்கில் நகக்கீறல் விழும், கீறலுக்குள் மணம் தங்கும், கொதிநீரில் வளையும். கழுவிய தண்ணீரையும் கிணற்றுப்பக்கம் ஊற்றவேண்டாம்.

கொதிநீர் என்று சொன்னதற்குக் காரணம் ரொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, அது வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. உங்கள் மனைவி கர்ப்பமாக இருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். தொற்றுள்ள பூனையின் மலத்தில் வரும் முட்டைகள் வந்தவுடன் தொற்றாது. வெளியில் 1 முதல் 5 நாள் இருந்து முற்றிய பிறகுதான் தொற்றும். அதனால் தினமும் அள்ளுவது பெரிய பாதுகாப்பு. வெளுப்பான் இந்த முட்டையைக் கொல்லாது, சூடுதான் கொல்லும். ஈர மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும். அள்ளுவது, கொட்டுவது, கழுவுவது எல்லாம் நீங்களே செய்யுங்கள், கையுறை போட்டு. மனைவி செய்யவேண்டாம். பூனைக்குப் பச்சை இறைச்சி, பச்சை மீன் தலை போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பூனையைப் பிரிந்திருக்கத் தேவையில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இந்தத் தொற்றுக்குப் பெரிய வழிகள், வானுக்குள் சமைக்கும்போது அதையும் பாருங்கள்.

ஓடும்போது பூனை கூட்டுக்குள் இருக்கவேண்டும், கூடு ஆசனப்பட்டியால் கட்டியிருக்கவேண்டும். பெரும்பாலான பூனைகள் ஓடும் வண்டியில் பெட்டியைப் பாவிக்காது. வெளிக்கிடும் முன் ஒருமுறை பெட்டிக்கு விடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவு யன்னல் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கூட்டைத் திறவுங்கள். நிழலில் நிறுத்துங்கள். சித்திரை வைகாசி வெயிலில் பூட்டிய வானில் பத்து நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். பூனை வாய் திறந்து இளைத்தால் அது ஏற்கெனவே ஆபத்து.

கடைசியாக, கடுவன் என்பதால். பயணப் பதற்றம், தண்ணீர் குறைவு, பிடிக்காத மண் மூன்றும் சேர்ந்தால் சலம் அடைக்கலாம். அடிக்கடி பெட்டிக்குப் போய்க் குந்தி ஒன்றும் வராமல் எழும்புவது, கத்துவது, அடியை நக்கிக்கொண்டே இருப்பது அடையாளம். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. முற்றாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போகும், அதனால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் தங்கப்போகும் ஒவ்வொரு ஊரிலும் அரச மிருக வைத்திய அலுவலகம் எங்கே, தனியார் சிகிச்சை நிலையம் எங்கே என்று வெளிக்கிட முன்னமே குறித்து வையுங்கள். பெட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை ஈரக்கட்டி வருகிறது என்று அள்ளும்போது எண்ணுங்கள். வழக்கமாக இரண்டு முதல் நான்கு. திடீரென்று ஒன்றும் இல்லையென்றால் வண்டியைத் திருப்புங்கள்.

---

தும்புக்கயிறு:

அண்ணை சொன்ன கொதிநீருக்குத் தட்டம் தேடுறீங்களெண்டால், சாப்பாட்டுக்கடையள் கறி வைக்கிற நீளச் சில்வர்த் தட்டம் 53 க்கு 32.5 செ.மீ. அளவில வரும். உங்கட பூனைக்கு அது சின்னன். தகர வேலை செய்யிற பட்டறையில 65 க்கு 42, உயரம் 25 எண்டு சொல்லி ஒண்டு செய்விக்கலாம். மூலையளை வெட்டி ஒட்டாமல் மடக்கி, உள்மூட்டை வடிவா ஒட்டச் சொல்லுங்கோ, மேல் விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டச் சொல்லுங்கோ. வாங்க முன்னம் தண்ணி நிரப்பி ஒரு மணித்தியாலம் வைச்சுப் பாருங்கோ, ஒழுக்கு இருந்தால் அங்கயே தெரியும்.